பாகம் பிரித்த பி.எஸ்.ஏ.

கொப்பரைக் களங்களில் தேங்காய்ப் பருப்பு வெயிலில் சுருண்டு எண்ணெய் மணக்கத் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை முற்பகலில், ஆனைக்கல்பாளையம் கடைவீதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த மயிலாத்தாள், யாருடைய தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கோ செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது, கடையின் பின்கட்டில் மேசை மேல் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்திருந்த பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளின் இன்ஜின், வண்டியும் இல்லாமல், பெட்ரோலும் இல்லாமல், உதைப்பாரும் இல்லாமல், தானாக ஓட ஆரம்பித்தது.

அவள் உடனே எழுந்து போகவில்லை. சுற்றுக் கணக்கு தப்பினால் முழுக் காயிலையும் பிரித்துப் போட வேண்டும் என்பதால், மிச்சத்தையும் சுற்றி, முனையை முறுக்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டுதான் போய்ப் பார்த்தாள். ஒற்றை சிலிண்டர் இன்ஜின். ஆத்திரம் அவசரம் இல்லாமல், டொப், டொப், டொப் என்று, யாரோ உரலில் நிதானமாக இடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மேசை மேலிருந்த ஸ்பேனர்கள் ஒரு நெல் அளவு நகர்ந்தன. பிளக் வயரைப் பிடுங்கினாள், நிற்கவில்லை. ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக்கையே கழற்றினாள். துவாரத்திலிருந்து மாட்டு மூச்சு மாதிரி வெதுவெதுப்பாகக் காற்று வந்ததே தவிர, அடி ஒன்றுகூடத் தப்பவில்லை. சரி என்று பிளக்கைத் திரும்பப் பொருத்திவிட்டு அடுத்த காயிலுக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் அவள் புருஷன் சென்னியப்பன் போர்வெல் குழிக்குள் மோட்டார் இறக்கிவிட்டு, உடம்பெல்லாம் சேறாக வந்தான். பின்கட்டு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எதுல ஓடுது?"

"தெரியலீங்க."

"நிறுத்திப் பாத்தியா?"

"பாத்தேன். நிக்கல."

"அப்ப ஓடட்டும். சோத்தப் போடு, பசிக்குது."

அந்த இன்ஜின் அந்த மேசைக்கு வந்து சேர்ந்த விதத்தை ஊரில் எல்லாரும் அறிவார்கள். மயிலாத்தாளின் அப்பா ஆறுமுகம், மலைமேல் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன வண்டி அது. ஆறுமுகம் செத்த பிறகு பாகப்பிரிவினைக்கு உறவுக்காரர்கள் கூடியபோது, தம்பி திருமூர்த்தி, "பொண்ணுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு. இனி என்ன பாகம்?" என்றான். மயிலாத்தாள், "தோப்பும் வேண்டாம், களமும் வேண்டாம். அப்பன் வண்டியக் குடுத்துரு" என்றாள். "வண்டி என்றது, எனக்கு வேணும்" என்றான் தம்பி. "உன்றதுன்னு எழுதி ஒட்டியிருக்குதா?" என்றாள் அக்காள். பேச்சு தடித்து, பந்தியில் போட்ட சோறு ஆறிப்போய், கடைசியில் பசி பொறுக்காத ஒரு பெரியப்பா, "ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கோங்க, விடுங்க" என்று எரிச்சலில் சொன்னதை இரண்டு பேரும் வீம்புக்கு ஒப்புக்கொண்டார்கள். இலை எடுப்பதற்குள் மெக்கானிக் வந்து போல்ட்டுகளைக் கழற்றினான். பெண்ணுக்கு இன்ஜின். பையனுக்கு மற்றதெல்லாம்: சக்கரம், டாங்க், சீட்டு, கியர் பெட்டி, ஹேண்டில் பார். அன்றையிலிருந்து அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொள்வார். எழவு வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிற பந்தலுக்குள் மற்றவர் வரமாட்டார்.

இன்ஜின் அப்போது இறுகிப்போய்க் கிடந்தது. பிஸ்டன் அசையவில்லை. மயிலாத்தாள் அதில் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையால் நாள்தோறும் தட்டித் தட்டி, ஒரு மழைக்காலம் முழுவதும் பொறுத்திருந்து அசைத்தாள். ரிங்குகளுக்காக உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தாள். வால்வுகளைக் கையாலேயே தேய்த்துத் தேய்த்துப் படியவைத்தாள். தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோ கருகிப்போயிருந்தது, அதற்குள் மயிர்போன்ற மெல்லிய கம்பியைச் சுற்றுவது அவள் தொழிலே என்பதால் தானே சுற்றினாள். ஆயில் டாங்க் தம்பி பாகத்தில் போய்விட்டதால், ஒரு தகர டின்னைச் சுவர் ஆணியில் மாட்டி, ரப்பர் குழாய் வழியாக ஆயில் இறங்கும்படி செய்தாள். பார்த்தவர்கள் அப்பன் மேல் எத்தனை பாசம் என்று சொன்னார்கள். அவள் மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் சிலிண்டரைச் சுற்றியிருக்கிற இரும்பு இதழ்களை ஒவ்வொன்றாகத் துலக்கும்போது அவள் நினைத்துக்கொண்டதெல்லாம், மறுபாதி தம்பி வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடப்பதையும், அதன் சீட்டில் கோழி முட்டையிடுவதையும்தான். தன் பாதி பளபளக்க, அவன் பாதி மக்கிப்போக வேண்டும். அந்த ஆசையில்தான் அவள் கை ஓயாமல் ஓடியது.

முதலில் ஊர் சண்டைக்கு வந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார்கள் வந்தார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் வந்தார். நாதஸ்வரக்காரர், தன் தவில்காரன் மூன்று முகூர்த்தமாகத் தன் தாளத்தை விட்டுவிட்டு இன்ஜின் தாளத்துக்கே வாசிக்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்டார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வந்து, நிறுத்தும்மா என்றார். நீங்களே நிறுத்திக் காட்டுங்கள் என்று அவள் ஒதுங்கி நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க எதையெதையோ திருகிப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, மயிலாத்தாள் எதிர்க் கடை பேக்கரியில் ஒரு டீயும் வெண்ணெயும் வாங்கிக் கொடுத்ததும் டீயைக் குடித்து வெண்ணெயை விரலில் தடவிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் நார் மில்காரர்கள் தென்னை நார் மெத்தைகளைக் கொண்டுவந்து பின்கட்டுச் சுவர் முழுக்க அடித்தார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. குறைந்த சத்தம் ஊருக்குள் கசிந்து, தரைக்குள் இறங்கி, கட்டில் கால் வழியாக ஏறி, எல்லார் உடம்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு ஊர் அதற்குப் பழகியது. பால் குடி மறக்காத குழந்தைகள் தொட்டில் ஆட்டாமலே தூங்கின. களத்தில் தேங்காய் உடைக்கிற பெண்கள் ஓர் அடிக்கு ஒரு காய் என்று உடைத்தார்கள். எதிர்வரிசைத் தையல்காரி சபூரா, "மிசினு மிதிக்கவே வேணாம்க்கா, கால வெச்சா அதுவா போகுது" என்றாள். கடைவீதியில் ஆட்கள் இரண்டு அடிக்கு நடுவில் ஒரு வார்த்தை என்று பேசக் கற்றுக்கொண்டதால், அந்த ஊரில் பேச்சுக் குறைந்தது. பேச்சுக் குறைந்ததால் சண்டையும் குறைந்தது. வெளியூர்ப் பேருந்தில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் தரை நடுங்குவது தெரிந்தது. அவர்கள் கேட்டால், ஊர்க்காரர்கள், "அதுங்களா, மயிலாத்தா இன்ஜினுங்க" என்று, ஆற்றையோ மலையையோ காட்டுகிறவர்களைப்போலக் காட்டிவிட்டுப் போனார்கள்.

இப்படி இருக்கையில்தான் திருமூர்த்தியின் மனைவி கோகிலவாணி, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் மயிலாத்தாளை நங்கையா நங்கையா என்று சுற்றிச் சுற்றி வந்தவள், பாகப்பிரிவினைக்குப் பிறகு இந்தப் படி ஏறியதில்லை.

"நங்கையா, அத நிறுத்திப்போடாதீங்க."

மயிலாத்தாள் கம்பியைக் கீழே வைக்காமல் பார்த்தாள்.

"களத்துல கொப்பரையப் பொரட்டிட்டு இருந்தவரு, நின்ன வாக்குல மல்லாந்துட்டாரு. பொள்ளாச்சிக்குத் தூக்கீட்டுப் போனோம். டாக்டரு நெஞ்சுல குழாய வெச்சுக் கேட்டாரு, ஒண்ணும் கேக்கல. மிசின்ல கோடு நேரா ஓடுது. முடிஞ்சு போச்சும்மான்னு சொல்லி அவரு வாய மூடல, இவரு எந்திரிச்சு உக்காந்து காப்பி கேக்கறாரு."

"எப்ப?"

"அந்த வியாழக்கெழமைதானுங்க. இது ஓட ஆரம்பிச்ச அன்னிக்கு." கோகிலவாணி பின்கட்டுப் பக்கம் பார்க்காமலே பேசினாள். "கையப் புடிச்சா நாடி இல்லைங்க. நெஞ்சுல காத வெச்சா, காலி வீட்டுல காத வெச்ச மாதிரி இருக்குது. ஆனா சாப்படறாரு, நடக்கறாரு, திட்டறாரு. நேத்து மாடிப்படி ஏறுனாரு. அதே நேரம் எம்மக சபூராக்கா கடைல ரவிக்கை அளவு குடுத்துட்டு நின்னுருக்கறா. இன்ஜின் தடதடன்னு ஓடி அடங்குச்சும்மான்னு வந்து சொல்றா."

மயிலாத்தாள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். இன்ஜின் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதை நிறுத்த வழி தெரியாமல் இருந்ததற்காக அவளுக்குப் பயம் வந்ததில்லை. இப்போது, அது நின்றுவிடலாம் என்ற நினைப்பில் பயம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த டின்னை எட்டிப் பார்த்தாள். ஆயில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"அவன் அனுப்புனானா உன்ன?"

"ஐயோ, தெரிஞ்சா என்ன வெட்டிப்போடுவாரு."

"ஆயில் ஊத்தி வெக்கறேன். நீ போ."

கோகிலவாணி சொன்னதை சபூரா கேட்டாள், சபூரா சொன்னதைக் கடைவீதி கேட்டது. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. பழகின விதம்தான் திருமூர்த்திக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. இன்ஜின் கொஞ்சம் வேகமெடுத்தால் பேக்கரியில் உட்கார்ந்திருப்பவர்கள், "யார்கூடவோ வரப்புச் சண்டை போடறான்" என்றார்கள். மத்தியானம் சோர்ந்து அடித்தால், "தின்னுட்டுப் படுத்துட்டான்" என்றார்கள். அவன் பொய் சொன்னால் ஊருக்குத் தெரிந்தது. பயந்தால் தெரிந்தது. காப்பி குடித்தால் இன்ஜின் வேகமெடுக்கும் என்று பந்தியில் அவனுக்கு மட்டும் காப்பி வைக்காமல் நகர்ந்தார்கள். சில சாயங்காலங்களில் கதவு சாத்திய வீட்டுக்குள் அவன் இருக்கும்போது இன்ஜின் குதித்து ஓடியது. பெரியவர்கள் இருமிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். கோகிலவாணி அடுத்த நாள் தண்ணீருக்குக்கூட வெளியே வரவில்லை. தன் நெஞ்சைத் தெருவில் காயப் போட்டவன்போல அவன் ஆகிவிட்டான்.

மயிலாத்தாளுக்கும் நிம்மதி இல்லாமல் போயிற்று. கொழுந்தன் மகள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. ஆயில் டின்னுக்குக் காவல் இருந்தாள். எலி குழாயைக் கடித்துவிடும் என்று பூனை வளர்த்தாள். தனக்குப் பங்கு இல்லை என்று சொன்னவனின் உயிருக்குத் தான் தாதியாகிவிட்டதை நினைக்கும்போது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை; எழுந்து போய் டின்னை இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் ராசப்பன் வந்தான். திருமூர்த்தியின் தோப்புக்கு அடுத்த தோப்புக்காரன். வரப்புக்காக இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. கடையில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அக்கா, உங்களுக்கு அவன் செஞ்சதுக்கு நாங்க எல்லாம் சாட்சி. ஒரு கை மணலு, அக்கா. அந்த டின்னுக்குள்ள. யாருக்குத் தெரியும்? இத்துப்போன பழைய இன்ஜினு, நின்னு போச்சும்பாங்க."

அவள் கையில் அகப்பட்ட ஸ்பேனரை வீசினாள். அது அவன் தோளில் பட்டது. வீதியே திரும்பிப் பார்க்கும்படி வைதாள். ராசப்பன் ஓடினான். ஆனால் அவன் போன பிறகும் அவன் சொன்ன சொல் போகவில்லை. அவள் பின்கட்டில் போய் நின்றாள். நார் மெத்தைகளின் மேல் கடைசி வெயில் சிவந்து கிடந்தது. ரப்பர் குழாய் அவள் விரலுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. அவள் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தாள். பிறகு அழுத்தினாள்.

ஆயில் நின்றது. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் அடியின் ஈரம் போயிற்று. டொப் என்றிருந்தது டக் என்று காய்ந்தது. இரும்பில் இரும்பு உரசுகிற மணம் எழுந்தது. பந்தியில் எல்லார் முன்னாலும் தம்பி, இனி என்ன பாகம் என்று கேட்டது அவள் காதில் கேட்டது. அவள் இன்னும் இறுக்கினாள். வீதியில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது, அதைத் தொடர்ந்து இன்னொன்று, இன்னொன்று. அவள் விட்டுவிட்டாள். ஆயில் குழாயில் சலசலத்து இறங்கி, அடி மெல்ல மெல்ல ஈரமாயிற்று. அவள் தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு விரல்களையும் முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் கடைவீதி இன்ஜின் சத்தத்தை வைத்தே திருமூர்த்தி வருவதை அறிந்தது. டொப் டொப் என்பது தடதடத்து, இடையில் விட்டு விட்டு வாங்கியது. ஏதோ பாரத்தைத் தள்ளுகிறான் என்றார்கள். மேற்கே பார்த்தார்கள். திருமூர்த்தி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டையோடு, டயர் காற்றில்லாமல் நசுங்க, துருவும் கோழிப் பீயுமாக இருந்த வண்டியைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு வந்தான். யாராவது கை கொடுக்க வந்தால் முறைத்தான். அவன் நெருங்க நெருங்க இன்ஜின் மேசையை விட்டுத் துள்ளிவிடும்போல ஆயிற்று. சென்னியப்பன் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

திருமூர்த்தி கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். அக்காளும் தம்பியும் அத்தனை வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்தார்கள்.

"ஒண்ணு, அத நிறுத்திரு. இல்லாட்டி இதுல மாட்டிக் குடு" என்றான். "ஊரே எனக்குள்ள உக்காந்து பேசுது. உன்ற டின்னுல ஆயில் இருந்தா நான் இருக்கறேன், இல்லாட்டி இல்ல. இப்படி ஒரு பொழப்பு எனக்கு வேண்டாம்."

"நான் ஓட்டல. அதுவா ஓடுது."

"நேத்துப் புடிச்சியா?"

அவள் நெஞ்சு எந்த மேசையிலும் ஓடவில்லை; பொய் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"புடிச்சேன்" என்றாள் மயிலாத்தாள்.

"தெரிஞ்சுது. குளிச்சுட்டு இருந்தேன். அக்கா புடிக்கறான்னு தெரிஞ்சுது."

"விட்டுட்டேனல்ல?"

"விட்டே." அவன் வண்டியின் ஹேண்டில் பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நானா இருந்தா விட்டிருப்பனான்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். தெரியல."

அவள் உள்ளே போய் ஸ்பேனர் பெட்டியை எடுத்து வந்தாள்.

ஓடுகிற இன்ஜினை வண்டியில் ஏற்றிய கதையை ஆனைக்கல்பாளையத்தில் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பேக்கரிக்காரரும் நார் மில் ஆட்களும் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு தூக்கினார்கள். சபூரா ஆயில் டின்னைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். மயிலாத்தாள் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். அவள் இறுக்கும்போதெல்லாம் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தி பல்லைக் கடித்தான்; கோகிலவாணி அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஆயில் டாங்கைக் கழுவி, குழாயை டின்னிலிருந்து மாற்றியது ஒரு கண்டம். அதைவிடப் பெரிய கண்டம் செயின். இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கிற செயினைச் சுற்றுகிற பல்சக்கரத்தில் எப்படி மாட்டுவது?

"தம்பி" என்றாள் மயிலாத்தாள். அந்தச் சொல்லை அவள் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "கண்ண மூடு. எதையும் நெனைக்காத. மெதுவாப் போ."

அவன் கண்ணை மூடினான். எதை நினைத்தானோ எதை மறந்தானோ, அடி மெல்ல மெல்லத் தணிந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு பெயரைச் சொல்லலாம்போல இருந்தது. அப்புறம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கலாம்போல இருந்தது. கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். பல்சக்கரம் ஏறக்குறைய நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது. அந்த இடைவெளியில் மயிலாத்தாள் செயினைப் போட்டு, இணைப்புக் கண்ணியைக் கோத்து, கிளிப்பைத் தட்டிவிட்டாள்.

"ஆச்சு."

திருமூர்த்தி எழுந்து வந்தான். தன் நெஞ்சின் மேல் தானே உட்காரப் போகிற ஆளைப்போலத் தயங்கி, காலைத் தூக்கிப் போட்டு சீட்டில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இன்ஜின் குஷியில் உறுமியது. வீதியில் விசில் அடித்தார்கள். அந்தக் குஷியில்தான் அவன் கியரைத் தள்ளி, கிளட்ச்சைப் பட்டென்று விட்டான். காற்றில்லாத டயர் மண்ணைக் கவ்விக்கொள்ள, வண்டி ஒரு முறை குலுங்கி, நின்றது.

அவ்வளவு காலம் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் ஊர் முழுவதும் காது அடைத்ததுபோல ஆயிற்று. களத்தில் தேங்காய் உடைக்கிற கத்திகள் பாதி வழியில் நின்றன. திருமூர்த்தி சீட்டிலிருந்து சரிந்து மண்ணில் விழுந்தான். அவன் கண் திறந்திருந்தது.

"உதை!" என்று யாரோ கத்தினார்கள். "டாங்குல பெட்ரோலே இல்லையே" என்றான் சென்னியப்பன். மயிலாத்தாள் அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்கள் நிமிர்த்திப் பிடித்த வண்டியில் ஏறி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளியிருந்தாள். இந்த வண்டியை உதைக்கிறவர்கள், ஹேண்டில் பாரில் இருக்கிற இக்னிஷன் லீவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் உதைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திருப்பி உதைக்கும். அவளுக்குத் தெரியாததல்ல. தம்பியின் கண்ணைப் பார்த்ததும் மறந்துவிட்டாள். முழுப் பலத்தையும் சேர்த்து ஏறி மிதித்தாள். உதைகால் கழுதைபோலத் திரும்பி எறிந்தது. கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் அந்த அமைதியில் வீதி முழுக்கக் கேட்டது.

அவள் லீவரைத் தள்ளினாள். அதே காலைத் தூக்கி, அதே முறிந்த காலால், "எந்திரிடா!" என்று மறுபடி மிதித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள். மறுபடி. கோகிலவாணி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எந்திரிடா, தோப்பு வேண்டாம்டா, களம் வேண்டாம்டா, வண்டியும் வேண்டாம், எந்திரிடா" என்று சொல்லிச் சொல்லி மிதித்தாள் மயிலாத்தாள். அவள் கண் இருண்டு வந்தபோது, காலுக்குக் கீழே எங்கேயோ ஒரு டொப் கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு வரிசையாக வந்தன. மண்ணில் கிடந்தவன் இருமினான்.

அன்று மாலை டயருக்குக் காற்றடித்து, திருமூர்த்தி தன் இன்ஜினைத் தானே ஓட்டிக்கொண்டு மேற்கே போனான். பிறகு எப்போதும் அது அவன் கூடவே இருந்தது. சாப்பிடும்போது வாசலில் ஓடியது. தூங்கும்போது கட்டிலோரம் ஓடியது. கடைவீதிக்கு அது பெரிய குறையாகப் போயிற்று. குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்ட வேண்டியிருந்தது. பேச்சு வளர்ந்தது, சண்டையும் வளர்ந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு மயிலாத்தாள் காயில் சுற்றினாள். தாளம் இல்லாமல் அவளுக்குக் கணக்கு அடிக்கடி தப்பியது. உறவு ஒன்றும் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. தோப்பைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலங்களில் அவன் வந்து கடை வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே நிறுத்துவான். அவள் கோலை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்து, ஆயில் பார்த்து, ஊற்றிவிட்டு, ஒரு துணியால் துடைத்துவிடுவாள். அவன் போய்விடுவான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், அவள் குனிந்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, டொப் என்ற ஒவ்வொரு அடிக்கும் அடியில், மரத்தில் சுத்தியல் படுவதுபோல மங்கலாக இன்னொரு சத்தம் கேட்டது. கை அப்படியே நின்றது. பிஸ்டனைத் தாங்கித் தள்ளுகிற கனெக்டிங் ராடின் அடிப் பேரிங். ஆயில் இல்லாமல் காய்ந்த பேரிங் அப்படித்தான் தட்டும். அது எந்தச் சாயங்காலத்தில் பிறந்த சத்தம் என்று அவளுக்குத் தெரியும். அதை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளக்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும்.

"என்ன பாக்கற?" என்றான் திருமூர்த்தி.

"ஒண்ணுமில்ல. ஆயிலு கொஞ்சம் கெட்டியா ஊத்தோணும்."

"பொய் சொல்லாத. எனக்குள்ளதான கேக்குது."

அவள் நிமிரவில்லை. ஆயில் சொட்டுகிற டப்பாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எதிர்வரிசையில் சபூராவின் தையல் மெஷின் ஓடி நின்றது.

"நாந்தான்" என்றாள்.

"தெரியும். எத்தன நாளைக்கு வரும்?"

"சொல்ல முடியாது. மெதுவா ஓட்டுனா ரொம்ப நாள் வரும். மேட்டுல ஏத்தாம, வேகம் எடுக்காம இருந்தா."

"மெதுவா ஓட்டறதுக்கு இது என்ன மாட்டு வண்டியா?" என்று சிடுசிடுத்தான். பிறகு சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "ஏறு."

"எங்க?"

"எங்கியோ. மழ விட்டுருச்சு, மல தெரியுது. ஏறு."

அவள் கோலைச் சுவரில் சாத்திவிட்டு, வலிக்கிற காலை ஒரு கையால் தூக்கி வைத்து, பின்னால் உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்தாள். பேக்கரி வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். ஆனைமலைச் சாலை நேராகக் காலியாகக் கிடந்தது. திருமூர்த்திக்கு அந்தச் சாலையில் பறப்பதுதான் சின்ன வயதிலிருந்து வழக்கம். ஆனால் இன்று அவனாகவே இரண்டாவது கியருக்கு மேலே போகாமல், குழிகளைச் சுற்றி ஒதுக்கி ஒதுக்கி, மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போனான்.